பாதிச் சந்தா

தேசியக் கயிறிழுப்புச் சங்கத்தில் எந்தத் தகராறையும் கை தூக்கித் தீர்க்க மாட்டார்கள். கயிறு இழுத்துத்தான் தீர்ப்பார்கள். செயலாளர் வேதவல்லியைத் தவிர மிஞ்சியிருந்தது ஒன்பது பேர். சந்தாவைப் பாதியாக்கினால் புது ஆட்கள் வருவார்கள் என்று எட்டுப் பேர் ஒரு பக்கம் நின்றார்கள். எதிரே பொன்னுரங்கம் மட்டும். "தோத்தா நான் விலகிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். வேதவல்லி விசிலடித்தாள். கயிற்றின் நடுவே கட்டியிருந்த சிவப்புத் துணி மெல்ல மெல்லப் பொன்னுரங்கத்தின் பக்கமே நகர்ந்தது. எட்டுப் பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் குதிகாலும் மண்ணில் பதியவில்லை. வேதவல்லி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மண்ணில் கிழித்திருந்த வெற்றிக் கோட்டைத் துணி தொட ஒரு சாண் இருக்கையில் பொன்னுரங்கம் நின்றுவிட்டார். "நீங்க விட்டுக்குடுக்கவாடா நான் முப்பது வருஷம் முழுச் சந்தா கட்டுனேன்? இழுங்கடா!" இழுத்தால் அவர் போய்விடுவாரே என்று எட்டுப் பேரும் வேதவல்லியைத் திரும்பிப் பார்த்தார்கள்.