ஏழாவது மாடிக் கூடை

"இமயமலையா? நீயா?" ஃபத்ஹி விழுந்து விழுந்து சிரித்தார்.

கைபேசியில் அன்னபூர்ணா மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி சுஹைர் நிமிரவில்லை. "அக்டோபர்ல கெய்ரோவை விட்டுக் கிளம்புறேன். டிக்கெட் போட்டாச்சு."

"லிஃப்ட் இல்லாத வீட்டுல எனக்கே மூச்சு வாங்குது. ரொட்டிக்குக்கூட ஏழாவது மாடியிலேர்ந்து கயித்துல கூடை இறக்குறவ, மலை ஏறப் போறாளாம்! போ, கூடையை இறக்கு. தர்பூசணி வாங்கணும்."

"நீங்களே இறக்குங்க."

முணுமுணுத்தபடி பால்கனிக்குப் போனார். கயிறு இருந்தது. அதில் அவருடைய சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"கூடை எங்கடி?"

"ரம்ஜானுக்கு முன்னாடியே பிஞ்சு போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

ஃபத்ஹியின் குரல் இறங்கியது. "அப்போ அரிசி மூட்டை, தர்பூசணியெல்லாம் எப்படிம்மா மேல வந்துச்சு?"

சுஹைர் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"என் முதுகுல வந்துச்சு. அக்டோபர்ல உங்க முதுகுல வரும்."