மூன்றாம் மூட்டை

"மூணு மூட்டைங்க. தண்ணி இன்னும் செவப்பாத்தான் வருது. உருண்டைய என்னதாங்க பண்றீங்க?"

திலீபன் கத்தியதும் எங்கள் செராமிக் கம்பெனியில் பாதிப் பேர் சன்னலுக்கு வந்துவிட்டோம். மீதிப் பேர் முன்பே வந்திருந்தார்கள்.

"புடிக்கலன்னா வேற ஊருல போயி சுட்டுக்குங்க" என்றாள் அந்த உருண்டைகளைச் செய்யும் பானுமதி.

சொல்லிவிட்டு, போய்விடுவானோ என்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

திலீபன் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய வந்த இன்ஜினியர். ஓசோனை மட்டும் விட்டால் சாயம் அரைகுறையாகத்தான் போகுமாம். கூடவே வினையூக்கி வேண்டுமாம்: நெல்லிக்காய் அளவு பீங்கான் உருண்டைகள், மேலே மாங்கனீசு. உருண்டையின் நுண்துளைகள் திறந்திருந்தால்தான் வேலை நடக்கும்.

விருத்தாசலத்துக்காரியிடம் பீங்கானைக் கொடுத்து, கிளேஸ் மட்டும் போடாதே என்றால் கை கேட்குமா? பத்து வருடமாகப் பொம்மைக்கு மெருகு ஏற்றிய கை. முதல் மூட்டை கண்ணாடி போல மின்னியது. துளைகள் அத்தனையும் அடைப்பு.

அது நிஜமான தவறு. அன்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அங்கேதான் வந்தது வினை.

இரண்டாவது மூட்டை மின்னவில்லை. மூன்றாவதும் மின்னவில்லை. ஆனாலும் தண்ணீர் சிவப்புதான்.

மங்கல் கிளேஸ் என்று ஒன்று இருக்கிறது. மெல்லிசாகப் பூசினால் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து மேசை, பக்கத்து வீடு; எனக்குத் தெரியாமல் பூசிவிட முடியுமா?

தண்ணீர் தெளிந்தால் வேலை முடியும். வேலை முடிந்தால் அவன் அடுத்த வேலைக்கு ராணிப்பேட்டைக்குப் போய்விடுவான். அவ்வளவுதான் அவள் கணக்கு.

சாயப்பட்டறை முதலாளி கொளஞ்சிநாதன் அன்று அவன் பக்கத்திலேயே நின்றிருந்தார். அடுத்த மூட்டையிலும் நிறம் போகாவிட்டால் மேலிடத்துக்கு எழுதி இவன் வேலைக்கே வேட்டு வைத்துவிடுவேன் என்றார்.

பானுமதி உள்ளே போய்விட்டாள்.

நான்காவது மூட்டை கிளேஸ் இல்லாமல் வந்தது. தண்ணீர் தெளிந்தது. கொளஞ்சிநாதன் அதைக் கிளாஸில் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். அந்த இரண்டு பேர் மட்டும் பார்க்கவில்லை.

கிளேஸ் போடாத பீங்கானை நாக்கில் வைத்தால் பச்சென்று ஒட்டிக்கொள்ளும். முதல் மூட்டை கெட்ட அன்றே அவள்தான் அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தாள்.

இரண்டாவது, மூன்றாவது மூட்டைகளை வண்டியில் ஏற்றுமுன், இரண்டு முறையும் அவன் ஓர் உருண்டையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தான்.

ஒட்டவில்லை.

மறுபடி மூட்டைக்குள் போட்டு, வாயைக் கட்டி, எதுவும் சொல்லாமல் எடுத்துப்போனான்.

அவள் அப்போது சூளைப் பக்கம் திரும்பியிருந்தாள். பார்த்தது நான் மட்டும்தான்.

திலீபன் இப்போது ராணிப்பேட்டையில். பானுமதியைச் சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்தார்கள். இந்தக் கதையைத் தெரு முழுக்கச் சொன்ன நான், அவளிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.