கருத்துச் சொல்ல அழைத்தவள்

நின்றபடி ஆடும் வீடியோ கேம் பெட்டிகளை, கேட்ட அளவில் கேட்ட நிறத்தில் செய்து கொடுப்பது செந்தூரனின் தொழில். புதிதாகத் திறந்த இணையதளத்தில், பார்த்துக் கருத்துச் சொல்லும்படி தன் எண்ணைப் போட்டிருந்தான். எழுத்து சிறியது என்றார் ஒருவர், பெரியது என்றார் இன்னொருவர். கறுப்புப் பின்னணி சிலருக்கு அழகு, சிலருக்குக் கண்ணை உறுத்தியது. எதை மாற்றுவதென்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அன்று மாலை ஒரு பெண் அழைத்தாள்.

“ஏனுங்க, உங்க வெப்சைட்ல முதல் படத்துல பெட்டி முன்னால சிரிச்சுட்டு நிக்கறவங்க எங்க அக்காங்க. இத்தன வருசமாத் தேடறோம். நல்லாருக்காங்களா?”

படத்தில் நிற்பது அவன் மனைவி யாமினி. தனக்கென்று யாருமே இல்லை என்று சொல்லித்தான் அவனை மணந்திருந்தாள். ஆள் மாறியிருக்குமோ? யார் சொல்வது நிஜம்?

பெட்டிக்குப் பொத்தான்களைப் பொருத்திக்கொண்டிருந்த யாமினி நிமிர்ந்தாள். “என்னங்க சொல்றாங்க? எதாச்சும் மாத்தோணுமாமா?”

“முதல் படத்துல உன்னப் பாத்துட்டுக் கூப்புடறாங்க,” என்று அவன் ஸ்பீக்கரைப் போட்டான்.

“அக்கா?” என்றது போன்.

யாமினியின் முகம் வெளுத்தது. “அந்தப் படத்த எடுத்துருங்க,” என்றாள் அவனிடம். பிறகு எழுந்து வந்து, போனை அவன் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.