வெயில் எறிக்கிற நாளாப் பார்த்து

“இதுவா வெள்ளை மணல்? சாம்பல் கொட்டின மாதிரிக் கிடக்கு. வேனைத் திருப்பு தம்பி!”

எத்தாளைக் கரையில் அள்ளிய மணலை உதறிவிட்டு வேனில் ஏறினார் குணேஸ்வரி. காலையிலிருந்து இது இரண்டாவது கரை. கற்பிட்டிக்குப் பக்கத்தில் முதலில் காட்டிய கரையில் மணல் வெள்ளைதான். ஆனால் அங்கே வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலையில் பாய்கிறார்கள். “நிம்மதியாப் படுத்துக் கிடக்கிற ஆக்கள்ட தலையில வந்து விழுவான்” என்று அதையும் தள்ளிவிட்டார்.

ஹில்மி பல்லைக் கடித்துக்கொண்டு வேனைத் திருப்பினான்.

விடுமுறைக்கு வருகிறவர்களைக் கரை கரையாகக் கூட்டிப்போய்க் காட்டுவது அவன் தொழில். ஹோட்டல் சரிவந்தால் கொமிஷன். அதற்காக யாருடைய எடுப்பையும் பொறுத்துக்கொள்வான். இந்த மனுசியைத்தான் பொறுக்க முடியவில்லை.

குணேஸ்வரியின் கருவாட்டு வாடியில்தான் அவன் உம்மா ஹவ்வா உம்மா பதினெட்டு வருசமாக மீனைக் கீறி, உப்புப் போட்டு, வெயிலில் பரப்புகிறார். அந்த வேலையில் லீவு என்றால் மழை பெய்ய வேண்டும். வெயில் எறிக்கிற நாளில் கலியாண வீட்டுக்குக்கூட ஓடிப்போய்த் தலையைக் காட்டிவிட்டு ஓடி வரவேண்டும்.

அங்கே உம்மா வெயிலில் காய்கிறார். இங்கே முதலாளியம்மாவுக்குப் படுத்துக் கிடக்க வெள்ளை மணல் வேண்டுமாம்!

“எத்தின பேர் அக்கா?”

“முப்பத்தாறு.”

“எல்லாம் குடும்பமா?”

“ஓம், குடும்பம்தான். நீ ரோட்டப் பார்த்து ஓட்டு.”

மாம்புரிப் பக்கத்து ஹோட்டலில் வேன் நின்றது. உப்பளத்தில் குவித்த உப்புப் போல மணல். குணேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். மனேஜர் தானாகவே தொடங்கினார்.

“முந்தி இது முழுக்கக் கருவாட்டு நாத்தம் மெடம். பொம்பிளையள் வந்து பரப்பிப் போட்டு, மனுசன் நிக்க ஏலாது. வேலியப் போட்டு எல்லாரையும் எழுப்பி அனுப்பியாச்சு. இப்ப ஒருத்தியும் கால் வைக்க ஏலாது.”

“ஓம் அக்கா, இப்ப சுப்பர் கிளீன்” என்று ஒத்து ஊதினான் ஹில்மி. அப்படி எழுப்பப்பட்டவர்களில் தன் உம்மாவும் ஒருத்தி என்று அவன் சொல்லவில்லை. கொமிஷன் கைக்கு வரப்போகிற நேரத்தில் அந்தக் கதை எதற்கு?

குணேஸ்வரியின் முகம் சிவந்தது.

“இந்தக் கரைதான். இதுதான் வேணும்.”

ஒரு கூடைச் சாளை மீனுக்கு அரை மணித்தியாலம் பேரம் பேசி அடிபடுகிற மனுசி, மனேஜர் சொன்ன விலைக்கு வாயே திறக்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் அடிபட்டார்.

“ஆளுக்கொரு சாய்வுக் கதிரை வேணும்.”

“ஒரு கதிரைய ரெண்டு பேர் மாறி மாறிப் பாவிக்கலாமே மெடம்?”

“மாறி மாறிப் பாவிக்க அது என்ன கக்கூசா? ஆளுக்கொண்டு!”

“சரி மெடம்.”

“பஸ்ஸால இறங்கக்குள்ள நீங்களே வாசலுக்கு வந்து கும்பிட்டுக் கூப்பிடணும். வெள்ளைக்காரனுக்கு எப்பிடியோ, அப்பிடி.”

“சரி மெடம்.”

“மேசைக்கு மீன் வரக்கூடாது. கோழி போடுங்க.”

“கடற்கரைக்கு வந்து மீன் இல்லாமலா?”

“மீன் மணமே வரக்கூடாது எண்டுறன்!”

மீனில் சம்பாதித்துவிட்டு மீனுக்கே மூக்கைச் சுளிக்கிறாளே! ஹில்மிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நல்லா வெயில் எறிக்கிற நாளாப் பார்த்துத் தாங்க. விடிஞ்சதில இருந்து பொழுது படும் வரைக்கும் எங்கட ஆக்கள ஒருத்தரும் எழும்பச் சொல்லக் கூடாது. எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்து வைங்க.”

மனேஜர் வைத்தார்.

குறித்த நாளுக்கு முதல் நாள் பின்னேரம் வேலை முடிந்து வந்த ஹவ்வா உம்மா, “முதலாளியம்மா நாளைக்கு வெள்ளன வரச் சொன்னா மகன்” என்றார்.

“ஏன் சொல்ல மாட்டா? நாளைக்குத்தான் அவ மணல்ல படுக்கப் போறா. நீங்க ரெட்டிப்பு வேலை செய்யணுமாக்கும்! விட்டெறியுங்க உம்மா அந்த வேலைய!”

“சும்மா இரி. அவட வாய்தான் பொல்லாதது.”

மறுநாள் காலையிலேயே வெயில் சுள்ளென்று எறித்தது. கொமிஷனுக்காக ஹில்மி ஹோட்டல் வாசலில் மனேஜருக்குப் பக்கத்தில் நின்றான். பஸ் வந்தது. மனேஜர் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கைகூப்பியபடி கதவடிக்குப் போனார்.

முதலில் குணேஸ்வரி இறங்கி ஒதுங்கி நின்றார்.

“பார்த்து இறங்குங்க. ஒருத்தரும் பயப்பட வேணாம்.”

உப்பில் வெளுத்த சேலையோடு, கம்பியைப் பிடித்து மெல்ல இறங்கினார் ஹவ்வா உம்மா. அவருக்குப் பின்னால் வாடிப் பெண்கள் முப்பத்தைந்து பேர்.

மனேஜரின் கூப்பிய கை அப்படியே நின்றது.

“மெடம், இவங்க…”

“எங்கட ஆக்கள். வாடியப் பூட்டிப்போட்டு வந்திருக்கிறம்.” குணேஸ்வரி கைப்பையிலிருந்து கடதாசியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே விரித்தார். “கையெழுத்து உங்கடதானே?”

மனேஜர் கடதாசியைப் பார்த்தார். பிறகு தலை குனிந்தார்.

“வாங்க மெடம்.”

எந்த மெடத்தைக் கூப்பிடுகிறார் என்று ஹவ்வா உம்மா பின்னால் திரும்பிப் பார்த்தார்.

ஹில்மி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான்.

“உங்களத்தான் உம்மா.”