பெட்டி கனமாக இருந்தது

"போறேன்னா போயேன். ஆட்டோ பிடிச்சுத் தரவா?"

"வேணாம் இன்பா. இந்தத் தடவை நிஜமாவே போறேன்."

கூரையிலிருந்து சிரிப்பு கொட்டியது. இன்பனுக்கும் தாரிணிக்கும் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் வீடேதான் டிவியில் ஓடும் சிரிப்புத் தொடர். இவர்கள் பேசுவதை லட்சம் பேர் அப்படியே பார்ப்பார்கள். அவர்கள் சிரித்தால் உடனே இங்கே கேட்கும்.

ஆறு வருஷத்தில் தாரிணி பதினாலு தடவை கோபித்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் காலிப் பெட்டியோடு. விளம்பரம் முடிவதற்குள் எதிர்வீட்டுத் தோழி ஜெபா அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவாள்.

இன்பன் வழக்கம்போல இரண்டு டம்ளரில் காபி கலந்தான். அப்போதுதான் உறைத்தது. பெட்டி ஒவ்வொரு படியிலும் தொம் தொம்மென்று இடித்துக்கொண்டு போனதே. காலிப் பெட்டி அப்படி இடிக்காது.

அலமாரியைத் திறந்தான். அவள் பக்கத்தில் ஒரு துணிகூட இல்லை. ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான்.

"இங்க வரலடா," என்றாள் ஜெபா. "டிவியில பாத்ததுமே போன் பண்ணேன், எடுக்கல. அவ சொல்றப்ப நீ முகத்தைக்கூடப் பாக்கலையா?"

"ஜெபா, எனக்குப் பயமா இருக்கு."

திறந்து கிடந்த அவன் வீட்டிலிருந்து அதற்கும் பெரிய சிரிப்பு வந்தது.

இதைப் படிக்கிற உங்களில் அன்றைக்குச் சிரித்தவர்களும் இருப்பீர்கள். "நிஜமாவே" என்று அவள் சொன்னபோது குரலில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லையா? தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள்.