உலகநாதன் உலகநாதன்

வியாபாரியின் வண்டி இன்னும் வரவில்லை.

காலையில் பிடித்த இறாலை ஐஸ் போட்டு மூடிவிட்டு, ஏரிக்கரை வேலிக்காத்தான் நிழலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே, புள்ளதான் வந்துக்கிறானே. அவன் பேசுறத கொஞ்சம் போடு. நீ மட்டும்தான் கேக்கணுமா?" என்றாள் கூட இறால் பிடிக்கிற மணியம்மாள்.

உலகநாதன் தலைத்துண்டை அவிழ்த்து, அதற்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்தார். சத்தம் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று காலி அலுமினியக் குண்டானுக்குள் வைத்தார்.

மகன் உதயகுமார் எட்டிப் பார்த்தான்.

போன வாரத்துப் பேச்சு.



சென்னையில் வாடகை அறை ஒன்றில் அவனும் இரண்டு நண்பர்களும் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிற பாட்காஸ்ட் அது. அரசியல், புதிதாக வந்த போன், ஏஐ, அந்த வாரம் நெட்டில் யாரை யார் கலாய்த்தார்கள் என்கிற கதை. இப்போதெல்லாம் மால்களில் பையன்கள் அவனை அடையாளம் கண்டு செல்பி கேட்கிறார்கள்.

உலகநாதன் அதைத் தண்ணீருக்குள் நின்றபடி கேட்பார். கையால் தடவி இறால் பிடிக்கிறவர். பிடித்ததைப் போடும் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பதால் வேலை முடியும்வரை பேச முடியாது. கேட்க முடியும். தலைத்துண்டுக்குள்ளிருந்து மகன் பேசிக்கொண்டே இருப்பான்.

கரையேறியதும் கீழே ஒரு கமெண்ட் போடுவார். ஆரம்பத்தில், 'என் மகன் பேச்சு அருமை' என்று போட்டார்.

உதயகுமார் அன்றே போன் செய்தான். "என் புள்ளன்னுலாம் போடாத நைனா. அங்க வேற மாதிரி."

"சரிப்பா," என்றார்.

அதன்பிறகு 'சார்' என்று போட ஆரம்பித்தார். 'வணக்கம் சார். இன்றைய பேச்சு மிகச் சிறப்பு சார். வேளைக்குச் சாப்பிடுங்கள் சார்.' கூடவே ஒரு ரோஜாப்பூ. கணக்குத் தொடங்கும்போது எங்கேயோ தவறாக அழுத்தியதில் அவர் பெயர் இரண்டு தடவை விழுந்திருந்தது. உலகநாதன் உலகநாதன்.

ஒரு பேச்சுக்குக்கூட அவர் கமெண்ட் வராமல் இருந்ததில்லை.

போன வாரம் அந்த நண்பர்களில் ஒருவனான அஜித் அதை மைக்கில் படித்தான். பெயரை இரண்டு தடவையும் சொல்லி, கிழவர் குரலில், ஒவ்வொரு 'சாரு'க்கும் ஒரு கும்பிடு போட்டுப் படித்தான். மூன்றாமவன் மேஜையைத் தட்டிச் சிரித்தான்.

"யாருடா இந்த அங்கிள், உனக்குத் தெரியுமா?" என்று அஜித் உதயகுமாரைக் கேட்டான்.

தெரியும் என்று சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது.

"அது மனுஷனே இல்ல ப்ரோ, பாட். ஏதோ கம்ப்யூட்டர் தானா போட்டுட்டு இருக்கு," என்றான் உதயகுமார்.

அந்தத் துண்டை மட்டும் தனியாக வெட்டிப் போட்டார்கள். அது எங்கெங்கோ ஓடியது.

வாரம் முழுக்க அவன் தூங்கவில்லை. ஆனால் நைனா போனில், "டவரே கெடைக்கலப்பா, ஒண்ணும் கேக்க முடியல" என்று சொல்லியிருந்தார். நேற்று வீட்டுக்கு வந்தபோதும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நண்டுக் குழம்பு வைத்து, ஓடு குத்தாமல் பார்த்துச் சாப்பிடச் சொன்னார். கேட்கவில்லை என்றே உதயகுமார் நம்பினான்.

இப்போது குண்டானுக்குள்ளிருந்து அவன் குரல் கணீரென்று வந்தது. தேர்தல் வாக்குறுதிகளைப் பற்றி அவன் சொன்ன ஒன்றுக்கு மணியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நம்ம ஊருக்கு வந்தவன் சொன்னதையே சொல்றான் பாரு."

இதற்குப் பிறகு ஏஐ. அதற்குப் பிறகு கமெண்ட் படிக்கிற பகுதி. இந்த ஊரில் உலகநாதன் என்கிற பெயரைத் தெரியாதவர் யாருமில்லை.

உதயகுமார் குண்டானை நோக்கிக் கை நீட்டினான். "போதும் நைனா, நிறுத்து. வண்டி வந்துரும்."

"இரு கண்ணு, நல்லாத்தான போவுது," என்று மணியம்மாள் அவன் கையைத் தள்ளினாள்.

ஏஐ முடிந்தது. சின்னதாக ஒரு இசை. அஜித் தொண்டையைச் செருமினான். "இப்போ நம்ம கமெண்ட் பாக்ஸுல..."

உலகநாதன் குனிந்து போனை எடுத்தார். விரலால் ஒரு தட்டு.

"சார்ஜ் பூட்ச்சு," என்றார்.

எல்லோரும் முனகினார்கள்.  தப்பித்தோம் என்று உதயகுமார் நினைத்தான்.

உடனே, உலகநாதனின் கையிலேயே அந்தப் போன் அடித்தது.

மணியம்மாள் போனையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். 

சரியாக அந்த இடத்தில் நிறுத்த வேண்டுமென்றால், அடுத்து என்ன வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். உதயகுமாருக்கு அது மெதுவாகத்தான் உறைத்தது.  தலையை நிமிர்த்த முடியவில்லை.

வியாபாரிதான் கூப்பிட்டிருந்தார். உலகநாதன் போனைக் காதில் வைத்து, ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"இன்னும் கரையிலதாங்க கீறோம். நீங்க மெதுவா வாங்க," என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"ஆமாங்க, மெட்ராஸ்லேந்து வந்துக்கிறான். என் புள்ளதான்."