துறைமுகத்துக்குப் பின்னால்

திருப்பதி லாட்ஜின் மேல்மாடி அறையில் துப்புரவு வேலை செய்யும் கலைவாணி, சுவரில் மாட்டிய படத்தைத் துடைக்கிறாள். நீர்வண்ணத்தில் ஒரு துறைமுகம். பாய் சுருட்டிய படகுகள், வெளுத்த விடியல், அலையில்லாத கடல். சுவரின் விரிசலை மறைக்கத்தான் அதை மாட்டியிருக்கிறார்கள். இன்று விரிசல் சட்டத்துக்குக் கீழேயும் இறங்கியிருக்கிறது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் சுவருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கண்ணாடிக்குள் ஈரம் ஏறி, படத்து வானம் கறுக்கிறது. "சார், செவுரு வாயத் தொறந்துகினு கீது. இந்த ரூம குடுக்காதீங்க." வாசலில் நிற்கும் மேனேஜர் ஹரிபாபு தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். "பர்வாலேதும்மா, ஒண்ணும் ஆவாது. கீழ இதவிடப் பெரிய படம் கீது, சாயங்காலமா மாத்திடு." அதற்குள் வராந்தாவில் பெட்டிச் சக்கரங்கள் உருண்டு வருகின்றன. சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை உள்ளே ஓடிவந்து, படத்தின் கீழே கிடக்கும் கட்டிலில் ஏறுகிறது. அது குதிக்கிற குதியில், அசையாத அந்தப் படகுகள் ஆடத் தொடங்குகின்றன.